வேடந்தாங்கல்: ஊரும் ஏரியும் பறவைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேடந்தாங்கல் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூர். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. பழைய செய்திகளில் அப்படித்தான் எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ.

ஊரைச் சுற்றி நெல்வயல், பக்கத்தில் ஒரு பாசன ஏரி, அவ்வளவுதான். அந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். பறவைகள் சரணாலயம் என்றதும் பெரிய காட்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள். இங்கே காடு கிடையாது. கரை, மதகு, கலங்கல் (நிறைந்தபின் மிகுநீர் வழியும் இடம்), வரத்துக்கால்வாய் எல்லாம் உள்ள, விவசாயத்துக்காக வெட்டிய ஏரி இது. அதன் நடுவே நிற்கும் மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஏரிகள் இருக்க, பறவைகள் இதை ஏன் தேர்ந்தெடுக்கின்றன?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்வதால்.

முதலாவது, தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். ஏரி நிரம்பினால் மரத்தின் அடிப்பகுதி முழுகி, கிளைகள் மட்டும் வெளியே தெரியும். நரி, காட்டுப்பூனை, நாய் எதுவும் கூட்டை நெருங்க முடியாது. முட்டையையும் குஞ்சையும் காப்பாற்றும் அகழி அந்தத் தண்ணீர்தான்.

இரண்டாவது, தீவனம். இவ்வளவு பறவைகளுக்கும் இந்த 74 ஏக்கர் ஏரி சோறு போடாது. அவை இங்கே தங்குகின்றன, இரை தேடுவது வெளியே. காலையில் கிளம்பி சுற்றியுள்ள ஏரிகள், குளங்கள், சேற்று வயல்களுக்குப் போய் மீன், நத்தை, தவளை, நண்டு, பூச்சி என்று பிடித்துக்கொண்டு திரும்புகின்றன.

மூன்றாவது, யாரும் தொந்தரவு செய்யாதது. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கட்டுப்பாடு இது. மற்ற இரண்டும் உள்ள ஏரிகள் இந்த மாவட்டத்தில் வேறும் உண்டு. இது இருப்பதுதான் அரிது.

இவை சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பறவைகளா?

ஒவ்வோர் ஆண்டும் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. இங்கே கூடு கட்டும் பறவைகள் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், கொக்கு வகைகள் யாவும் மழையையும் நீர்நிலையையும் பார்த்து நாட்டுக்குள்ளும் பக்கத்து நாடுகளுக்குள்ளும் இடம் மாறுபவை. ஆஸ்திரேலியக் கூழைக்கடா வேறு இனம், அது இங்கே வருவதில்லை. வேடந்தாங்கலில் இருப்பது அலகில் புள்ளிகள் உள்ள நம் கூழைக்கடா. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகியவைதான் அதன் இடம்.

குளிர்காலத்தில் வடக்கே மத்திய ஆசியா, சைபீரியப் பக்கங்களிலிருந்து வருபவையும் உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து, உள்ளான் வகைகள் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் அவை இங்கே முட்டையிடுவதில்லை. உண்டு, ஓய்வெடுத்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பி அங்கேதான் குஞ்சு பொரிக்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. விருந்தாளிப் பறவை என்று நினைத்தால், வராத ஆண்டில் எங்கோ தூரத்தில் ஏதோ கோளாறு என்று சும்மா இருந்துவிடுவோம். கூடு கட்ட வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் இங்கேயேதான். ஏரி நிரம்பியிருக்காது, வரத்துக்கால்வாய் அடைந்திருக்கும், அல்லது வயலில் இரை இருக்காது.

1798 ஆவணம் என்கிறார்களே, அது என்ன?

அப்போது செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆர்க்காட்டு நவாப் கொடுத்த ஜாகீர், அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு தந்த நிலப்பகுதி. 1794 முதல் 1798 வரை அதன் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது, தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1798-இல் ஒரு கவுல் (உரிமைப் பத்திரம்) எழுதிக் கொடுக்கப்பட்டது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பாதுகாப்பை அரசு கொண்டுவந்து ஊரின்மேல் வைக்கவில்லை. ஊர் ஏற்கெனவே காத்துவந்தது, அதற்கு எழுத்து வடிவம் கேட்டுப் பெற்றது. 1936-இல் சரணாலயமாக ஏற்கப்பட்டதும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்ததும், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அதற்குப் பிறகு வந்த படிகள்.

இதே பிளேஸின் பெயரை மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலிலும் கேட்பீர்கள். பெருமழையில் மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் நின்றால் தாயார் சன்னதிப் பணியை முடித்துத் தருவதாக அவர் வேண்டிக்கொண்டார், கரைமேல் வில்லோடு ராமரும் லட்சுமணரும் காவல் நிற்கக் கண்டார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் அந்தக் கோயிலையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.

பறவைகளால் ஊருக்கு என்ன பயன்?

எரு. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நாள் முழுவதும் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதி. மதகு வழியாக வயலுக்குப் பாயும் தண்ணீரே உரம் கரைந்த தண்ணீர். ஊரார் இதை நெடுங்காலமாக அறிவார்கள். பறவையைக் காத்ததில் இரக்கத்துக்குப் பங்கு உண்டு, விவசாயக் கணக்குக்கும் பங்கு உண்டு. இரண்டும் சேர்ந்ததால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படியானால் இந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியா வேண்டாமா?

கண்மூடித்தனமாகக் குறைக்கவும் வேண்டாம், வழக்கப்படி கொட்டவும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும், தண்டு வலுவிழந்து கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். இலைசுருட்டுப் புழுவும் குலைநோயும் அப்படிப்பட்ட பயிரைத்தான் முதலில் தேடி வரும்.

அளந்து பார்க்க எளிய வழி இலை வண்ண அட்டை, அதாவது வெளிர் முதல் அடர் பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ள அட்டை. நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பரவலாக 10 குத்துகளை (நட்ட பயிர்க் கொத்துகளை) தேர்ந்தெடுத்து, முழுதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். இலையின்மேல் நேர் வெயில் படாமல் உங்கள் உடல் நிழலில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் கணிப்பும் மாறிவிடும். பறவைகள் இருக்கும் காலத்தில் ஏரித் தண்ணீர் பாயும் நவரைப் பட்டத்துக்கு (டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நெல் சாகுபடிக்கு) இது மிகவும் பொருந்தும்.

பூச்சிமருந்து வேறு கதை. வயலில் நத்தையும் சிறுமீனும் செத்தால் நாரைக்குஞ்சு பட்டினி கிடக்கும், மருந்துண்ட மீன் கூட்டுக்கே போய்ச் சேரும். பூச்சியின் சேதம் மருந்துச் செலவுக்கு ஈடாகும் அளவை (பொருளாதாரச் சேத நிலை) எட்டும் முன்பே மருந்து அடிப்பது, மருந்து அடித்த வயலின் தண்ணீரை உடனே வாய்க்காலில் வடிப்பது ஆகிய இரண்டையும் தவிர்த்தாலே பெரிய உதவி.

ஏரி எப்போது நிரம்பும்? நிரம்பாவிட்டால் என்ன ஆகும்?

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஏரி நிரம்புவதும் அப்போதே. நிறைந்தால் ஏறத்தாழ 16 அடித் தண்ணீர் நிற்கும், கலங்கல் வழிந்து ஓடும். கலங்கல் ஓடியதா என்று விசாரித்தாலே அந்த ஆண்டுப் பருவம் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நிரம்பாத ஆண்டில் மரங்களைச் சுற்றித் தரை தெரியும். பறவைகள் வந்து பார்த்துவிட்டு, தங்காமல் வேறு நீர்நிலைக்குப் போய்விடும். அதைவிடக் கொடுமை, கூடு கட்டிய பிறகு தண்ணீர் வேகமாக இறங்குவது. குஞ்சு இன்னும் பறக்காத நிலையில் மரத்தடி காய்ந்தால் நாயும் நரியும் உள்ளே வரும். இரைதேடும் ஏரிகளும் கூடவே வற்றுவதால் பெற்ற பறவைகள் தூரம் போக வேண்டியிருக்கும், சில கூடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

மழை போதுமான அளவு பெய்தும் ஏரி நிரம்பவில்லை என்றால் குறை வரத்துக்கால்வாயில். மண் மேடிடுவது, ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலும் அடைப்பது, கால்வாய் ஓரம் ஆக்கிரமிக்கப்படுவது என்று வழக்கமான மூன்று காரணங்கள். கால்வாயைச் சீர்செய்ய வேண்டிய காலம் ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை. மழை தொடங்கிய பிறகு வெட்டிய மண் கரையில் நிற்காமல் தண்ணீரோடு ஏரிக்குள்ளேயே போய்ப் படியும்.

தூர் வாரினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே, முழுவதும் ஆழப்படுத்தினால் என்ன?

மற்ற ஏரிக்குச் சரி, இங்கே அப்படியே பொருந்தாது. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், சிறு கொக்குகள் கணுக்காலளவுத் தண்ணீரில் நடந்து இரை தேடுபவை. ஏரி ஓரத்துச் சரிவை வெட்டிச் செங்குத்தாக்கினால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. மரங்களின் வேர் பகுதியில் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் மரம் சாயும். மதகுக்கு முன்னால் உள்ள படிவை எடுப்பது, மரக்கூட்டங்களை விட்டு விலகி வாருவது, ஓரச்சரிவை விட்டுவைப்பது என்பதே முறை. பறவைகள் கிளம்பிய பின் கோடையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

கூடு கட்டும் மரங்கள் எவை? புதிதாக எப்படி வளர்ப்பது?

முதன்மையானது நீர்க்கடம்பு. செங்கடம்பு என்றும் சொல்வார்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். அடுத்தது நாட்டுக் கருவேலம்.

பறவை எச்சம் நிலத்துக்கு உரம், ஆனால் இலைமேல் தொடர்ந்து படிந்தால் மரத்துக்குச் சுமை. இலை கருகும், சிறுகிளைகள் கூட்டின் எடை தாங்காமல் முறியும். ஆகவே பழைய மரம் விழும் முன்பே அடுத்த தலைமுறை மரம் தயாராக இருக்க வேண்டும். கன்றை ஏரித்தரையில் அப்படியே நட்டால் முதல் மழையிலேயே முழுகிச் செத்துவிடும். மண்மேடு அமைத்து அதன் உச்சியில், முதல் சில ஆண்டுகளுக்குக் கன்றின் நுனி நீருக்கு மேல் இருக்கும்படி நட வேண்டும். மேட்டின் சரிவு கரையாமல் இருக்கப் புல் பிடிக்க விட வேண்டும்.

எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்?

அக்டோபர் கடைசி, நவம்பரில் நத்தைக்குத்தி நாரைகள் வரத் தொடங்கும். தொடர்ந்து நீர்க்காகம், கொக்கு, வக்கா, அரிவாள்மூக்கன். டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் உச்சத்தில் இருக்கும். வர்ண நாரைகள் பெரும்பாலும் மற்றவற்றுக்குப் பின்னால் வரும். பிப்ரவரியில் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைப் பார்ப்பது மிகச் சிறப்பு. மார்ச்சில் இளம் பறவைகள் சிறகடித்துப் பழகும், ஏப்ரலில் கூட்டம் கலையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வந்தால் பெரும்பாலும் வெறும் ஏரிதான். அந்த மாதங்களில் சிறுவர்களை அழைத்துவந்து ஏமாறாதீர்கள்.

நத்தைக்குத்தி நாரை 2 முதல் 4 முட்டைகள் இடும், ஏறத்தாழ நான்கு வாரங்கள் அடைகாக்கும். கூழைக்கடாவும் ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கிறது, ஆனால் குஞ்சு பறக்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். அதனால்தான் ஏரியில் தண்ணீர் மார்ச், ஏப்ரல் வரை நிற்பது கூழைக்கடாவுக்கு உயிர்ப்பிரச்சினை.

ஒரே வெள்ளையாகத் தெரிகிறதே, எது எந்தப் பறவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலகைப் பாருங்கள். நிறத்தைவிட நம்பகமானது அதுதான்.

மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைக்குத்தி நாரை. வெண்மையோ சாம்பலோ கலந்த உடல், கருஞ்சிறகு. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இது நத்தை ஓட்டைப் பாக்குவெட்டி போல நொறுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுக்குள் கீழலகின் நுனியை விட்டுத் தசையை அறுத்து, சதையை உருவி எடுப்பதே அதன் வழக்கம்.

மஞ்சள் நிற நீண்ட அலகு, சிறகின் கடைசியில் ரோஜா நிறம், மார்பில் கறுப்புப் பட்டை இருந்தால் வர்ண நாரை. தட்டையான கரண்டி அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பது கரண்டிவாயன். கீழ்நோக்கி வளைந்த கறுத்த அலகும் மயிரற்ற கறுத்த தலையும் வெள்ளை அரிவாள்மூக்கனுக்கு. தொங்கும் பை உள்ள பேரலகு கூழைக்கடாவுக்கு. அது தரையில் தடுமாறும், வானில் மணிக்கணக்கில் சிறகை அசைக்காமல் வட்டமிடும்.

கறுப்பாக, சிறகை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால் இரண்டில் ஒன்று. அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் நீர்க்காகம். ஈட்டிபோல் நேராக, கழுத்து பாம்புபோல் நெளிந்தால் பாம்புத்தாரா. முன்னது மீனைக் கவ்வும், பின்னது குத்தும்.

பகலில் கிளைக்குள் குறுகி உட்கார்ந்து தூங்கும், செங்கண் உள்ள பருத்த பறவை வக்கா. பொழுது சாயும்போது, மற்றவை கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில், அது இரை தேடக் கிளம்பும்.

எப்படி வந்து சேர்வது?

சொந்த வண்டியில் சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்புங்கள். அங்கிருந்து சுமார் 12 கி.மீ. ரயிலில் செங்கல்பட்டு வரை மின்சார ரயில் அடிக்கடி உண்டு. செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் பேருந்து வசதி இருக்கிறது. மாலையில் பறவைகளைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் திரும்பும் பேருந்துகள் குறைவு. இறங்கியதுமே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநர், நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த நேரம் நல்லது? என்ன எடுத்துவர வேண்டும்?

காலை 6 மணியிலிருந்து 9 வரை, மாலை 4 முதல் 6 வரை. நடுப்பகலில் வெளியே போன பறவைகள் திரும்பியிருக்காது, கானல் அலையில் தொலைநோக்கியும் தெளிவாகக் காட்டாது. மாலையில் கூட்டம் கூட்டமாக அவை வந்து இறங்குவது கட்டாயம் பார்க்க வேண்டியது.

தொலைநோக்கி இல்லாமல் வந்தால் பாதி அனுபவம் போய்விடும். 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) போதும். 10×42 பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கம் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பிளாஷும் டிரோனும் கூடாது. மங்கிய நிறத் துணி, தொப்பி, தண்ணீர் பாட்டில், வயிற்றுக்குக் கொஞ்சம் உணவு. குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

காணும் பொங்கலன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கரையில் நிற்க இடம் இருக்காது. வார நாளில் வருவது உங்களுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது.

சத்தம் போட்டால் என்ன ஆகிவிடும்? பழகியிருக்காதா?

மனிதப் பேச்சுக்கு ஓரளவு பழகியிருக்கின்றன. திடீர்ச் சத்தத்துக்குப் பழகுவதில்லை. விசில், கைதட்டல், பட்டாசு, ஹாரன் கேட்டதும் அடைகாக்கும் பறவை எழும். அந்த ஓரிரு நிமிடத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், பருந்து குஞ்சை எடுத்துவிடும். நடுப்பகல் வெயில் நேராகப் பட்டால் முட்டைக்குள் உள்ள கருவும் தாங்காது. பதற்றத்தில் எழும் பெரிய பறவையின் கால் பட்டே குஞ்சு கீழே விழுவதும் உண்டு.

5 கி.மீ. எல்லை என்றால் அதற்குள் விவசாயம் செய்யக்கூடாதா?

செய்யலாம், செய்கிறார்கள். 1998 அறிவிக்கையின்படி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரம் சரணாலயப் பகுதி. அதில் ஊர்களும் பட்டா நிலங்களும் அடங்கும். ஏரிக்கு மட்டும் வேலி போட்டால் போதாது, பறவை இரை தேடும் வயலும் குளமும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 2020-இல் இந்த ஆரத்தில் 3 கி.மீ.யை மட்டும் முழுப் பாதுகாப்பில் வைக்கும் யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது அதனால்தான்.

பக்கத்தில் கரிக்கிலிக்கும் போகலாமா?

கண்டிப்பாக. ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது, 1989-இல் சரணாலயமாக்கப்பட்டது, பரப்பு சுமார் 61 ஹெக்டேர். கூடு கட்டும் நாரைகளுக்கு வேடந்தாங்கல், வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் கரிக்கிலி. கூட்டமும் குறைவு. காலையில் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்வது வசதி.

கரையோரம் குஞ்சு விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

கையில் எடுக்காதீர்கள். நாரை, கொக்குக் குஞ்சுகள் பயந்தால் நேராகக் கண்ணைப் பார்த்துக் குத்தும். தண்ணீர் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பிஸ்கட், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். நாய், காக்கை அண்டாமல் பத்தடி தள்ளி ஒருவர் நில்லுங்கள், இன்னொருவர் நுழைவாயிலில் உள்ள வனத்துறைப் பணியாளரை அழைத்து வாருங்கள். எந்த மரத்துக்கு நேரே கிடந்தது என்பதைக் காட்டுங்கள். எந்த இனம், எந்தக் கூடு என்று பார்த்து முடிவெடுக்க அவர்களுக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.